தகரப் பெட்டியில் ஒரு விசில்

பட்டாளத்துக்குப் போன பாட்டன் அங்கே என்ன வேலை செய்தார்? கண்டுபிடிப்பது எப்படி?

புதுச்சேரிக்குத் தென்மேற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது நெட்டப்பாக்கம். அங்கே ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட எந்த வீடும் அல்ல. ஆனால் புதுச்சேரி மண்ணில் இப்படிப் பல வீடுகள் உண்டு. "சொல்தா வீடு" என்று சொல்வார்கள். பிரெஞ்சு மொழியில் சொல்தா என்றால் சிப்பாய்.

அந்த வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அதைக் கீழே இறக்குகிறாள். திறந்தால் துரு வாசனை அடிக்கிறது. உள்ளே கரையான் அரித்த ஒரு சின்னப் புத்தகம். ஒரு பழைய போட்டோ. கயிற்றில் கோத்த ஒரு விசில்.

போட்டோவில் வாலிபர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வரிசைக்கு வெளியே தனியாக நிற்கிறார். அவர் கழுத்தில் அந்த விசில் தொங்குகிறது. யார் கையிலும் துப்பாக்கி இல்லை.

"இது யாரு ஆயா?"

"எங்கப்பா. ஒனக்குக் கொள்ளுத் தாத்தா."

"யுத்தத்துக்குப் போனாரே, அவரா? எத்தினி பேரச் சுட்டாரு?"

ஆயாவுக்கு வயது எண்பத்து நான்கு. முகம் வாடிப் போகிறது.

"சுடல கண்ணு. சொல்தாவுங்களுக்குக் கசரத்து சொல்லிக் குடுத்தாராம். 'சண்டைக்குப் போறேன்னு போயி, குதிக்கச் சொல்லிக் குடுத்துட்டு வந்தான்'னு ஊர்ல சிரிப்பாங்க. சின்ன வயசுல எனக்கு அழுகையா வரும். நெசமா அவுரு என்னா பண்ணாருன்னு எனக்கும் தெரியல. அவுரும் சொல்லல."

பெண் யோசிக்கிறாள். தகப்பன் செய்த வேலை என்ன என்று தெரியாமலே ஆயாவுக்கு எண்பத்து நான்கு வயது ஆகிவிட்டது. இனியாவது தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் பொறுமை வேண்டும். எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது என்றும் தெரிய வேண்டும்.

குதிக்கச் சொல்வது ஒரு வேலையா?

முதலில் ஊராரின் சிரிப்புக்குப் பதில் சொல்லிவிடுவோம்.

பட்டாளத்தில் சேர வருகிறவன் பிறவியிலேயே போர்வீரன் அல்ல. ஏர் பிடித்தவன் வருவான். தறி நெய்தவன் வருவான். மேசை முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதியவனும் வருவான். அவன் முதுகில் மூட்டையை ஏற்றி நாள் முழுவதும் நடக்க வைக்க வேண்டும். சுவர் ஏற, பள்ளம் தாண்ட, கயிற்றைப் பிடித்து ஆற்றைக் கடக்கச் சொல்லித்தர வேண்டும். அடிபட்ட தோழனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவும் பழக்க வேண்டும்.

இதைச் செய்கிறவர்தான் தேகப்பயிற்சி ஆசிரியர். அவர் சரியாகப் பழக்காவிட்டால், சிப்பாய் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே களைத்து விழுந்துவிடுவான்.

இந்த உண்மையைப் பெரிய நாடுகள் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்தன. பிரான்சு நாட்டில் 1852-ம் ஆண்டிலேயே ராணுவத் தேகப்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளி தொடங்கினார்கள். பாரிஸ் நகரத்தை ஒட்டிய வேன்சேன் காட்டில், ஜுவான்வில் என்ற இடத்துக்கு அருகே அது இருந்தது. "ஜுவான்வில் பள்ளி" என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

இங்கிலாந்துக்குப் புத்தி வந்தது கிரிமியா யுத்தத்துக்குப் பிறகு. அந்த யுத்தத்தில் சிப்பாய்களின் உடல் நிலை எவ்வளவு மோசம் என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஆகவே 1860-ம் ஆண்டில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, ஆக்ஸ்போர்டு நகரில் கசரத்து கற்க வைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் தொடங்கியதுதான் பிரிட்டிஷ் ராணுவத்தின் தேகப்பயிற்சிப் படை. 1940-ம் ஆண்டு செப்டம்பரில், இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, அது தனிப் படைப்பிரிவாகவே ஆக்கப்பட்டது. குறுக்காக வைத்த இரண்டு வாள்கள்தான் அதன் சின்னம்.

எரிமலை தந்த பாடம்

பிரான்சில் ஜார்ஜ் ஏபேர் என்று ஒரு கடற்படை அதிகாரி இருந்தார். 1902-ம் ஆண்டு மார்த்தினிக் தீவில் எரிமலை வெடித்தது. சேன் பியேர் என்ற நகரமே அழிந்தது. சுமார் 30 ஆயிரம் பேர் மாண்டார்கள். அங்கே மக்களைக் காப்பாற்றும் வேலையில் ஏபேரும் இருந்தார்.

ஆபத்து வரும்போது ஓடவும் ஏறவும் நீந்தவும் பிறரைத் தூக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. உடலைப் பலப்படுத்துவது பிறருக்கு உதவுவதற்காகத்தான் என்று அவர் போதித்தார். அவர் வகுத்த முறை பிரெஞ்சுப் படைகளில் பரவியது. இன்று பட்டாளத்தில் சுவர், பள்ளம், கயிறு, முள்கம்பி என்று வரிசையாக வைத்துத் தாண்டச் சொல்கிறார்களே, அந்தப் பயிற்சியில் ஏபேரின் கை உண்டு.

ஆஸ்பத்திரியிலும் வேலை!

இன்னொரு முக்கியமான வேலையும் இருந்தது. காயம்பட்ட சிப்பாய்க்கு டாக்டர் கட்டுப் போடுவார். புண் ஆறும். ஆனால் கால் மடங்காது. கை தூக்க வராது. அவனை மெல்ல மெல்ல நடக்க வைத்து, மறுபடி மனிதனாக்குவது யார்? உடல் தேறும் முகாம்களில் அந்த வேலையில் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கும் பங்கு இருந்தது. அவர் விசிலுக்கு நடை பழகியவர்கள் எத்தனையோ பேர்.

பெயர் பெற்ற விளையாட்டு வீரர்களே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழுவைப் புகழேணியில் ஏற்றிய மாட் பஸ்பி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் தேகப்பயிற்சிப் படையில் இருந்தவர். கிரிக்கெட் சூரர் டெனிஸ் காம்ப்டன் இந்தியாவிலேயே இருந்தார்! மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் மாவ் ராணுவ முகாமில் சிப்பாய்களுக்குத் தேகப்பயிற்சி கொடுத்தார். அந்தச் சமயத்தில்தான் 1944-45 ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஓல்கார் அணிக்காக ஆடி, ஆட்டமிழக்காமல் 249 ரன் எடுத்தார்.

காம்ப்டனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நெட்டப்பாக்கத்துச் சொல்தாவைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்?

கல்லில் இல்லாத பெயர்

புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு யுத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் பிரான்சுக்காக உயிர் விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பப்பட்டது. 1938-ம் ஆண்டில் திறந்து வைத்தார்கள். ஆண்டுதோறும் ஜூலை 14-ந் தேதி, பிரெஞ்சு தேசிய நாளில், அதை அலங்கரித்து மரியாதை செய்கிறார்கள்.

மாண்டவர்களுக்குக் கல் உண்டு. அது நியாயமே. ஆனால் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவருக்குக் கல்லும் இல்லை, விழாவும் இல்லை. போர்க்களக் கதைகளிலும் அவர் வரமாட்டார். ஏனென்றால் அவர் வேலை யுத்தத்துக்கு முன்னால் நடந்தது. அல்லது யுத்தத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரியில் நடந்தது.

ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கை நாடே அறியும். செகந்திராபாத்தில் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் அவர் பந்தயத்தில் ஓடத் தொடங்கினார். அவரை முதலில் பழக்கிய ஹவில்தாரின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? பயிற்சி கொடுப்பவரின் தலைவிதி அதுதான். சீடன் பெயர் ஊருக்குத் தெரியும். வாத்தியார் பெயர் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

அந்தக் காகிதத்தைத்தான் தேட வேண்டும்.

எந்தக் கொடியின் கீழ்?

நெட்டப்பாக்கத்துக்காரர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வரைபடத்தில் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் எல்லாம் திட்டுத் திட்டாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் பிரெஞ்சு மண். இன்னொன்றைத் தாண்டினால் ஆங்கிலேயர் மண். மாமன் வீடு ஆங்கிலேயர் பக்கம், மச்சான் வீடு பிரெஞ்சுப் பக்கம் என்று குடும்பங்கள் கலந்து கிடந்தன.

ஆகவே ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கும் தம்பி ஆங்கிலப் பட்டாளத்துக்கும் போயிருக்கலாம். எந்தப் பட்டாளம் என்று தெரியாமல் கடிதம் எழுதினால், தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

காலமும் முக்கியம். 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஜெனரல் தெ கோல் லண்டனில் இருந்து, "சண்டை முடியவில்லை" என்று அறைகூவல் விடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் பொன்வேன், பிரெஞ்சிந்தியா தெ கோல் பக்கம் நிற்கும் என்று அறிவித்தார். இங்கிருந்து தொண்டர்கள் சுதந்திர பிரான்சுப் படையில் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகும் யுத்தம் ஓயவில்லை. 1946 முதல் 1954 வரை இந்தோசீனா யுத்தம். 1954 முதல் 1962 வரை அல்ஜீரியா யுத்தம். இரண்டிலும் புதுச்சேரிச் சொல்தாக்கள் இருந்தார்கள். "தாத்தா யுத்தத்துக்குப் போனார்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த யுத்தம் என்று தெரிய வேண்டும்.

முதல் தேடல் வீட்டுக்குள்ளே

அந்தக் கரையான் அரித்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்போம். சொல்தா குடும்பங்கள் அதை "லிவ்ரே" என்று சொல்லும். சிப்பாயின் பணிப் புத்தகம். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், சேர்ந்த நாள், இருந்த படைப்பிரிவுகள், பதவி உயர்வு எல்லாம் அதில் எழுதுவார்கள்.

அதில் ஒரு எண் இருக்கும். "மத்ரிக்குல்" எண் என்பார்கள். அந்த எண் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியது போல. பெயர் தவறலாம். எண் தவறாது.

புத்தகத்தில் "மோனித்தேர்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கற்றுக் கொடுப்பவர் என்று அதற்குப் பொருள். கசரத்து வாத்தியாரை அப்படித்தான் குறிப்பார்கள். பயிற்சிப் பள்ளியில் தேறியதற்கான சான்று தனியாக இருந்தாலும் இருக்கும்.

லிவ்ரே இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். வேறு காகிதங்கள் இருக்கும். பென்ஷன் புத்தகம், முன்னாள் போர்வீரர் அட்டை, பழைய கடித உறை ஆகியவற்றைத் தேடுங்கள். "ஒப்சியோன்" காகிதமும் இருக்கலாம். 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தில் பெயர் பிரெஞ்சு எழுத்தில் எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

போட்டோவைச் சட்டத்தில் இருந்து மெதுவாக எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். அதில் ஊர் பெயர் இருக்கும். சைகோனா, மார்சேயா, கெய்ரோவா என்று அது சொல்லிவிடும். தொப்பியும் சின்னமும் தெளிவாக இருந்தால் படைப்பிரிவையே அடையாளம் காணலாம்.

ஆயாவிடம் கேட்க வேண்டியவை

காகிதத்தைவிடப் பெரிய ஆவணம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஆயா.

"எந்த வருஷம் போனார்?" என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும்.

"நீ பொறந்தப்ப அவுரு ஊர்ல இருந்தாரா?"

"இல்ல. கப்பல் ஏறிட்டாரு. எனக்கு அஞ்சு வயசு இருக்கும்போதுதான் அவுரு மொகத்தப் பாத்தேன். யாரோன்னு பயந்து ஓடிட்டேன்."

"திரும்பி வந்தப்புறம் மறுபடி போனாரா?"

"போவல. போலீஸ் டேசன்ல கொடி ஏத்துனாங்களே, அப்ப ஊர்லதான் இருந்தாரு. என்னைத் தோள்ல கை போட்டுக் கூட்டிம்போயி காமிச்சாரு."

இது போதும்! 1954-ம் ஆண்டு மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கம் போலீஸ் நிலையத்தில் இந்தியக் கொடி ஏறியது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகத் தற்காலிக அரசு அமைத்தவர்கள் இந்த ஊரையே தங்கள் இடமாகக் கொண்டார்கள். திரும்பி வந்தபின் அவர் மறுபடி போகவில்லை என்றால், அல்ஜீரியா யுத்தம் கணக்கில் இல்லை. ஆயாவின் வயதைக் கணக்கிட்டால், அவர் போனது 1940-ஐ ஒட்டிய ஆண்டு. வந்தது 1946-ஐ ஒட்டிய ஆண்டு. ஆகவே அது இரண்டாம் உலக யுத்தம்.

இப்படித்தான் கேட்க வேண்டும். கீழூர் ஓட்டுக்கு முன்பா, பின்பா? அக்காள் கல்யாணத்துக்கு இருந்தாரா? கூப்பன் அரிசிக் காலத்தில் பணம் அனுப்பினாரா? கிழவர்களின் காலண்டர் இதுதான். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். காகிதம் காத்திருக்கும். மனிதர் காத்திருக்க மாட்டார்.

கொம்யூன் பதிவேடு

அடுத்தது பிறப்புச் சான்று. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் கொம்யூனில் பதிவு செய்தார்கள். ஆகவே நெட்டப்பாக்கம் கொம்யூனில் தொடங்குவதே முறை.

அந்தப் பழைய பதிவேடுகளின் படிகள் பிரான்சிலும் இருக்கின்றன. கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளின் ஆவணங்களை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்ற நகரில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இங்கே பக்கம் கிழிந்திருந்தாலும் அங்கே இருக்கலாம்.

ஆனால் எழுத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். உழவர்கரை என்ற ஊரே பிரெஞ்சுக் காகிதத்தில் "உல்காரே" ஆகிவிட்டது. "ழ" என்ற எழுத்து அவர்களிடம் இல்லை. ஊருக்கே இந்தக் கதி என்றால் ஆள் பெயரைக் கேட்க வேண்டுமா? ஒரே மனிதரின் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும், லிவ்ரேயில் இன்னொரு விதமாகவும் இருக்கும். அத்தனை விதத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1881-ம் ஆண்டு வந்த ஆணைப்படி, ஊர் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கப் பலர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பாட்டனின் தகப்பனுக்கு ஒரு பெயர், பாட்டனுக்கு வேறு குடும்பப் பெயர் என்று இருந்தால் திகைக்க வேண்டாம். ஆள் மாறிவிடவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

"போ" என்று ஒரு ஊர்!

பிரான்சின் தென்மேற்கில், பிரனே மலைக்குப் பக்கத்தில் ஒரு நகரம் இருக்கிறது. அதன் பெயர் "போ". தமிழில் கேட்டால் விரட்டுவது போல இருக்கும். ஆனால் சொல்தா குடும்பங்கள் தட்ட வேண்டிய முதல் கதவு அதுதான்.

பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்கள், சார்ஜண்டுகள் ஆகியோரின் பணிக் கோப்புகளைக் காக்கும் நிலையம் "போ" நகரில் இருக்கிறது. உறவினர் யார் என்பதையும், சிப்பாயின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், மத்ரிக்குல் எண் ஆகியவற்றையும் தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும். பிறப்புச் சான்றின் நகலையும், உறவு முறையைக் காட்டும் சான்றின் நகலையும் சேர்ப்பது நல்லது.

என்ன கேட்பது? "பணிக் குறிப்பு வேண்டும்" என்று கேட்க வேண்டும். சேர்ந்த நாள் முதல் விலகிய நாள் வரை எங்கே, எந்தப் பிரிவில், என்ன பதவியில் இருந்தார் என்பதை வரிசையாகக் காட்டும் குறிப்பு அது. பயிற்சிப் பள்ளியில் படித்திருந்தால், அதுவும் இதில் தெரிய வரும்.

தெ கோலின் சுதந்திர பிரான்சுப் படையில் சேர்ந்தவராக இருந்தால் இன்னொரு கதவையும் தட்டலாம். பாரிஸுக்கு அருகே உள்ள வேன்சேன் கோட்டையில் பிரெஞ்சு ராணுவத்தின் வரலாற்று ஆவணங்கள் இருக்கின்றன. சுதந்திர பிரான்சுப் படையினருக்கும், ஜெர்மானியரை மறைந்திருந்து எதிர்த்தவர்களுக்கும் அங்கே தனித்தனிக் கோப்புகள் உண்டு. படைப்பிரிவுகளின் நாள் குறிப்பேடுகளும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பிரிவு எந்த நாளில் எந்த முகாமில் பயிற்சி எடுத்தது என்று அதில் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை! 1852-ல் கசரத்துப் பள்ளி தொடங்கியதும் இதே வேன்சேன் காட்டில்தான். காட்டின் ஒரு பக்கத்தில் வாத்தியார்களைத் தயாரித்தார்கள். மறுபக்கத்தில் இருக்கும் கோட்டையில் இன்று அவர்கள் கதை காகிதமாக இருக்கிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. யுத்தத்தில் மாண்டவர்களின் பட்டியல்களை இன்று இணையத்தில் சுலபமாகப் பார்க்கலாம். அதில் பாட்டன் பெயர் இல்லை என்றால், அவர் பட்டாளத்திலேயே இல்லை என்று அர்த்தமல்ல. உயிரோடு திரும்பியிருக்கலாம்.

ஆங்கிலப் பட்டாளமாக இருந்தால்?

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆங்கிலேயரின் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அந்த யுத்தத்தின்போதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்டு மறுபடி அமைக்கப்பட்டது. வாய்க்காலைத் தாண்டிப் போய் அதில் சேர்ந்தவராக இருந்தால், பிரான்சுக்கு எழுதிப் பயன் இல்லை.

இந்தியச் சிப்பாய்களின் பணிப் பதிவுகள் அந்தந்த ரெஜிமெண்டின் பதிவு அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமை இடம் நீலகிரியில் உள்ள வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் இடம் பெங்களூர். படை எண்ணும் ரெஜிமெண்டின் பெயரும் தெரிந்தால் எழுதிக் கேட்கலாம்.

எண் தெரியவில்லையா? வீட்டில் பதக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் உலக யுத்தப் பதக்கங்களை இங்கிலாந்துச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். ஆனால் இந்தியச் சிப்பாய்களின் பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறித்தார்கள். பதக்கத்தின் விளிம்பையும் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். புளி போட்டுத் தேய்த்து விடாதீர்கள்! எழுத்து அழிந்துவிடும்.

செய்யக்கூடாதவை

மூலக் காகிதத்தைத் தபாலில் அனுப்பக்கூடாது. நகல் மட்டுமே அனுப்ப வேண்டும்.

கிழிந்த பக்கத்தைப் பசை நாடா போட்டு ஒட்டக்கூடாது. அது காகிதத்தை அரித்துவிடும்.

"நான் வாங்கித் தருகிறேன், பணம் கொடு" என்று வருகிறவரிடம் மூலக் காகிதத்தை ஒப்படைக்கக்கூடாது. முதலில் நேராக எழுதிப் பாருங்கள். பிரெஞ்சு தெரிந்த முன்னாள் சொல்தா ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். புதுச்சேரி நகரில் முன்னாள் சிப்பாய்கள் கூடும் சொல்தா இல்லமும் இருக்கிறது. கடிதம் எழுத உதவி கிடைக்கும்.

பதில் வர மாதக் கணக்கில் ஆகலாம். பதறக்கூடாது.

எது வந்தாலும் ஏற்க வேண்டும்

கடைசியாக ஒரு விஷயம். தேடத் தொடங்கு முன் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

கோப்பு வீட்டாரைச் சந்தோஷப்படுத்துவதற்காக எழுதப்பட்டதல்ல. பாட்டன் வாத்தியார் என்று நினைத்திருப்போம். அவர் சமையல்காரர் என்று கோப்பு சொல்லலாம். தாமதமாக வந்ததற்காகத் தண்டனை பெற்றார் என்றும் இருக்கலாம். அதையும் ஏற்கத்தான் வேண்டும். பொய்யான வீரனைவிட மெய்யான சமையல்காரர் மேல். அவர் சமைத்த சோற்றைத் தின்றுதானே வீரன் சண்டை போட்டான்?

நமது கதையில் வரும் பெண்ணும் இதை யோசிக்கிறாள். மனு எழுத உட்கார்ந்தவள் பேனாவை மூடிவிட்டுக் கேட்கிறாள்.

"ஆயா, ஒருவேள நாம நெனைக்கிற மாதிரி இல்லன்னு பதில் வந்தா?"

ஆயா விசிலை எடுத்து முந்தானையால் துடைக்கிறார்.

"எதுவா இருந்தா என்னா கண்ணு? சிரிச்சவங்க எல்லாம் போயிச் சேந்துட்டாங்க. அவுங்களுக்குப் பதில் சொல்லவா கேக்கறேன்? எங்கப்பா அஞ்சு வருஷம் எங்க இருந்தாரு, என்னா சாப்ட்டாரு, யாருக்கு என்னா சொல்லிக் குடுத்தாரு, அதத் தெரிஞ்சிக்கணும். நான் பொறந்தப்ப அவுரு எந்த ஊர்ல இருந்தாருன்னு தெரிஞ்சா போதும்."

பெண் மறுபடி பேனாவைத் திறக்கிறாள்.

"பேரச் சரியா எழுது. அவுங்க எழுதன மாதிரியும் எழுது. நாம கூப்பிட்ட மாதிரியும் எழுது" என்கிறார் ஆயா.

இரண்டு விதமாகவும் எழுதி, அடியில் கோடு போடுகிறாள் பெண்.

நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் வீடுகளில் இன்னும் எத்தனையோ தகரப் பெட்டிகள் திறக்காமல் கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஒன்றை இறக்கிப் பாருங்கள். இறக்கும்போது வீட்டில் இருக்கும் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.